மொழி விலகிய பின் எஞ்சும் சொற்கள்: எஸ்தர் டேவிட்டின் வாழ்வும் புனைகதையும்

முன்னுரை

மும்பையிலிருந்து தானேக் கழியைப் பாலத்தின் வழியே கிழக்கு நோக்கிக் கடந்தால் முதலில் வருவது வாஷி. 1970ஆம் ஆண்டில் சிட்கோ எனப்படும் நகர வளர்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டு நவி மும்பை உருவாகத் தொடங்கிய பின்னர், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்குக் குடிபெயர்ந்தன. வாஷியைத் தாண்டித் தெற்கே செல்லும் சாலை பன்வேல், பேண், அலிபாக், ரேவ்தண்டா எனக் கொங்கணக் கடற்கரையை அடைகிறது. இக்கரையோர ஊர்களின் பெயர்களைத் தம் குடும்பப் பெயர்களில் தாங்கி நிற்பவர்கள் பெனே இஸ்ரேல் எனப்படும் யூதர்கள். பேண் ஊரினர் பேண்கர் ஆயினர். ரோஹா ஊரினர் ரோஹேகர். திவே ஊரினர் திவேகர். கிஹிம் ஊரினர் கெஹிம்கர். தண்டா ஊரினர் தண்டேகர். ஊர்ப்பெயருடன் 'கர்' என்னும் ஈறு சேர்ந்து குடும்பப் பெயராவது மராத்தியரின் பொது வழக்கு. அவ்வழக்கைத் தமதாக்கிக் கொண்ட இவர்களுடைய தாய்மொழியும் மராத்தியே.

இச்சமூகத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிவரும் நாவலாசிரியர் எஸ்தர் டேவிட். அவருடைய வாழ்வையும் புனைகதைகளையும் அறிமுகப்படுத்துவதோடு, மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒரு வினாவையும் இக்கட்டுரை முன்வைக்கிறது. ஒரு சமூகம் தன் தாய்மொழியிலிருந்து விலகிய பின்னர் அதன் சொற்கள் எங்கே தங்குகின்றன என்பதே அவ்வினா.

சமூகமும் அதன் மராத்தியும்

அலிபாக்கிற்கு அருகிலுள்ள நவ்காவ் கடற்கரையில் கப்பல் உடைந்து, உயிர் பிழைத்த ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தம் முன்னோர் என்பது பெனே இஸ்ரேல் சமூகத்தின் தோற்றக் கதை. கொங்கண ஊர்களில் இவர்கள் எண்ணெய் ஆட்டும் தொழிலை மேற்கொண்டனர். சனிக்கிழமைகளில் செக்கு ஓட்டாமையால் அக்கம்பக்கத்தார் இவர்களைச் 'சனிவார் தேலி' என்று அழைத்தனர். 'தேலி' என்பது தமிழில் செக்காட்டும் வாணியரைக் குறிக்கும் சொல்லுக்கு நிகரானது. ஆகவே 'சனிக்கிழமை வாணியர்' என்பதே இப்பெயரின் பொருள். யூத மதத்தின் ஓய்வுநாள் கடமை முழுவதையும் இரண்டு மராத்திச் சொற்கள் சாதிப்பெயர் ஒன்றினுள் அடக்கிவிட்டமை கருதத்தக்கது.

ஆட்பெயர்களும் இவ்வாறே மராத்தி உரு ஏற்றன. சாமுவேல் என்னும் பெயர் சமாஜி ஆயிற்று. ஆபிரகாம் ஆபாஜி ஆயிற்று. மும்பையில் இச்சமூகத்தின் முதல் தொழுகையிடத்தை 1796ஆம் ஆண்டில் எழுப்பிய சாமுவேல் எசக்கியேல் திவேகர், மக்கள் வழக்கில் சமாஜி ஹசாஜி எனப்பட்டார். ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய அவர் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மீண்டவர் என்பது சமூக மரபு. அத்தொழுகையிடத்துக்கு வழங்கிய பெயர் 'ஜூனி மஸ்ஜித்', அதாவது பழைய மசூதி. மும்பைத் துறைமுக இருப்புப்பாதையிலுள்ள மஸ்ஜித் நிலையம் இதனாலேயே அப்பெயர் பெற்றது என்றும் கூறப்படுவதுண்டு. யூதர் தம் தொழுகையிடத்தை மஸ்ஜித் என்று அழைத்ததில் அன்று எவரும் முரண் காணவில்லை.

பண்டிகைப் பெயர்களில் இவ்வழக்கின் தனித்தன்மை மேலும் தெளிவாகப் புலப்படும். மராத்தியில் 'சண்' என்றால் பண்டிகை. யூதப் புத்தாண்டு 'நவ்யாச்சா சண்' எனப்பட்டது. பாவக் கழுவாய் நாள் 'தார்பால்னிச்சா சண்', அதாவது கதவடைப்புப் பண்டிகை. எஸ்தர் அரசியின் கதையை நினைவுகூரும் பூரிம், ஹோலிப் பண்டிகையை ஒட்டிய பருவத்தில் வருவதால் 'ஹோளிச்சா சண்' ஆயிற்று. எருசலேம் ஆலயம் அழிந்த துக்க நாளுக்கு அன்று உண்ணும் பயற்றுக் கறியால் 'பிர்ட்யாச்சா சண்' என்று பெயர் வந்தது. எலியா தீர்க்கதரிசிக்குரிய விழா 'உரூஸ்' எனப்பட்டது. சூஃபி ஞானியரின் நினைவு விழாவுக்கு வழங்கும் சொல் இது. பெரும்பாலும் அண்டை வீட்டாரின் சொற்களைக் கொண்டே யூத ஆண்டின் பண்டிகைகளுக்கு இவர்கள் பெயரிட்டுள்ளனர்.

எபிரேயக் கல்வி இச்சமூகத்தில் பரவியது பின்னரே. கொச்சி யூதர்கள் ஆசிரியர்களாக வந்து வழிபாட்டு முறைகளைக் கற்பித்தனர். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் வில்சன் 1832ஆம் ஆண்டில் எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதி வெளியிட்டார். பஸ்கா இரவில் படிக்கப்படும் ஹகாதா, மராத்தி மொழிபெயர்ப்புடன் 1846இல் மும்பையிலும் 1874இல் புணேயிலும் அச்சாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவிலியக் கதைகள் மராத்திக் கீர்த்தன வடிவில் பாடப்பட்டன. இச்சமூகத்தின் வரலாற்றை 1897இல் எழுதி முடித்த ஹயீம் சாமுவேல் கெஹிம்கரின் நூல் 1937இல் டெல் அவிவில் வெளியாயிற்று.

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் குடிபெயர்வு பெருகியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய யூதர் அனைவரும் சேர்ந்து ஏறத்தாழ 26,000 பேர். 2011இல் இவ்வெண்ணிக்கை 5,000க்கும் கீழே இறங்கிவிட்டது. இஸ்ரேலுக்குச் சென்றவர்களின் யூதத் தன்மையே அங்கு ஐயத்துக்கு உள்ளாயிற்று. திருமண உரிமை தொடர்பாக அவர்கள் போராட நேர்ந்தது. 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்களை முழு யூதராக ஏற்றது. சென்றவர்களின் பிள்ளைகளுக்கு எபிரேயம் முதல்மொழியாயிற்று. இந்தியாவில் தங்கியவர்களிடையே ஆங்கிலம் பெருகியது.

வாழ்க்கை

எஸ்தர் டேவிட் 1945ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை ரூபன் டேவிட் வேட்டையாளராக இருந்து விலங்குகளைக் காப்பவராக மாறியவர். விலங்கு மருத்துவத்தைத் தாமே கற்று, காங்கரியா ஏரிக்கரையில் 1951இல் விலங்குக் காட்சிச்சாலையை நிறுவினார். 1975இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாய் சாரா பள்ளி ஆசிரியை. தந்தையின் காட்சிச்சாலையைப் பற்றி எஸ்தர் பின்னாளில் தனி நூலொன்று எழுதியுள்ளார்.

பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் சிற்பி சங்கோ சௌத்ரியிடம் அவர் சிற்பமும் கலைவரலாறும் பயின்றார். அகமதாபாத் திரும்பிய பின்னர்க் கலை ஆசிரியராகவும், நாளிதழில் கலை விமர்சகராகவும் பணியாற்றினார். தம் நூல்களுக்குத் தாமே கோட்டோவியம் வரையும் வழக்கமும் அவருக்கு உண்டு. புனைகதைக்கு அவர் வந்தது ஐம்பது வயதைத் தாண்டிய பின்னரே.

அகமதாபாத்தின் மொழிச் சூழல் இங்குக் கருதத்தக்கது. அங்கிருந்த பெனே இஸ்ரேல் குடும்பங்கள் பணிநிமித்தம் கொங்கணத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் சென்றவை. முதியோர் பேச்சில் மராத்தியும், தெருவில் குஜராத்தியும், பள்ளியில் ஆங்கிலமும், 1934இல் கட்டப்பட்ட மாகேன் ஆபிரகாம் தொழுகையிடத்தில் எபிரேயமும் வழங்கின. மராத்தி பேசும் நிலத்திலிருந்து பிரிந்தமையால் அங்கு அம்மொழி வீட்டுக்குள்ளும், வீட்டுக்குள்ளும் சிறப்பாக அடுக்களைக்குள்ளும் ஒதுங்கியது.

நாவல்கள்

முதல் நாவலான 'தி வால்டு சிட்டி' 1997இல் சென்னையின் ஈஸ்ட் வெஸ்ட் புக்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அகமதாபாத்தின் மதில்சூழ் பழைய நகரில் வாழும் யூதக் குடும்பமொன்றின் மூன்று தலைமுறைப் பெண்களின் கதை இது. கதைசொல்லும் பெண்ணுக்கு நாவல் முழுவதிலும் பெயரில்லை. அண்டையிலுள்ள இந்து வீடுகளின் நிறமும் சடங்கும் அவளை ஈர்க்கின்றன. வீடு அவளை இழுத்துப் பிடிக்கிறது. நகரின் மதில் மெல்ல மெல்ல அவளைச் சுற்றிய மதிலாகிறது.

'புக் ஆஃப் எஸ்தர்' கொங்கணத்தின் தண்டா ஊரில் தொடங்கி அகமதாபாத் வரை நீளும் குடும்ப வரலாறு. ஆண்கள் ஆங்கிலேயப் படையில் பணிசெய்யச் சென்றுவிட, நிலத்தையும் வீட்டையும் நடத்தும் பெண்ணிடமிருந்து கதை தொடங்குவது நோக்கத்தக்கது.

2006இல் வெளிவந்த 'புக் ஆஃப் ரேச்சல்' அவருடைய நாவல்களுள் தலையாயது எனலாம். தண்டாவில் கடலோரமாகத் தனித்து வாழும் முதிய கைம்பெண் ரேச்சல். பிள்ளைகள் இஸ்ரேலில் இருக்கின்றனர். தொழுவோர் எவருமில்லாத தொழுகையிடத்தைப் பெருக்கி, விளக்கேற்றிப் பேணிவருகிறாள். கடலோர நிலத்தின் விலை ஏறிவிட்டது. தொழுகையிடப் பொறுப்பிலுள்ள மொர்டெகாய் அந்நிலத்தை விற்க முனைகிறார். ஓர் இளம் வழக்கறிஞரின் துணையோடு ரேச்சல் அதனை எதிர்த்து நிற்கிறாள். ஒவ்வோர் இயலும் ஓர் உணவின் செய்முறையோடு தொடங்குகிறது. போராட்டத்துக்குரிய ஆளைத் தன் பக்கம் சேர்ப்பதற்கு அவளிடம் உள்ள கருவி சமையலே. கழிக்கு இக்கரையில் விளைநிலங்களும் உப்பளங்களும் நகரமாக மாறியதைக் கண்ட வாஷி வாசகருக்கு, மொர்டெகாயின் கணக்கு புதிதாக இராது.

இந்நாவலுக்கு 2010ஆம் ஆண்டின் ஆங்கில நூலுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதே ஆண்டில் தமிழுக்கான விருதைப் பெற்றவர் நாஞ்சில் நாடன். அவரும் பல்லாண்டு மும்பையில் வாழ்ந்தவர். ஊர் நீங்கியவனின் நினைவை உணவுப் பெயர்களால் எழுப்பிக் காட்டியவர்.

2007இல் வெளியான 'ஷாலோம் இந்தியா ஹவுசிங் சொசைட்டி' 2002ஆம் ஆண்டின் குஜராத் கலவரத்தைப் பின்னணியாகக் கொண்டது. விருத்தசேதனம் செய்யும் வழக்கமுடைய யூத ஆண் கலவரக் கூட்டத்தின் கண்ணுக்கு முஸ்லிமாகத் தோன்றக்கூடும். அந்த அச்சத்தில் யூதக் குடும்பங்கள் ஒரே குடியிருப்பில் ஒன்றுசேர்கின்றன. ஒரு காலத்தில் மஸ்ஜித் என்னும் சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்திய சமூகம், அச்சொல்லோடு தொடர்புபடுத்தப்படுவதற்கே அஞ்சும் நிலைக்கு வந்ததை இந்நாவல் மறைமுகமாகப் பதிவு செய்கிறது. இதே குடியிருப்பை மையமாகக் கொண்ட 'பாம்பே பிரைட்ஸ்' 2018இல் வெளியாயிற்று. 2021இல் வந்த 'பெனே அப்பெட்டிட்' இந்தியாவின் ஐந்து யூதச் சமூகங்களின் உணவு முறைகளைத் தொகுத்துக் கூறுவது.

தாய்மொழியில் எழுதாத மூவர்

இச்சமூகத்தின் பெண் நாவலாசிரியர்களுள் எஸ்தர் டேவிட்டோடு நன்கறியப்பட்டவர் மேலும் இருவர். தில்லியில் வாழ்ந்த மீரா மகாதேவன் 1961இல் 'அப்னா கர்' என்னும் நாவலை இந்தியில் எழுதினார். 'ஷூலமித்' என்னும் பெயரில் அது 1975இல் ஆங்கிலத்தில் வந்தது. கட்டடப் பணியிடங்களில் உழைக்கும் பெண்களின் குழந்தைகளுக்காக 1969இல் மொபைல் கிரெஷஸ் அமைப்பைத் தோற்றுவித்தவரும் இவரே. இரண்டாமவர் லக்னோவில் வாழ்ந்து இந்தியில் எழுதிய ஷீலா ரோஹேகர்; அவருடைய 'மிஸ் சாமுவேல்: ஏக் யஹூதி காதா' 2013இல் வெளிவந்தது. மூவரும் ஒரே கேள்வியையே எழுப்பினர்: எது வீடு? ஆயினும் மூவருள் எவரும் தம் சமூகத்தின் தாய்மொழியான மராத்தியில் அந்நாவல்களை எழுதவில்லை. திருமணமும் பணியும் கல்வியும் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு நகருக்கும் மொழிக்கும் கொண்டுசென்றன.

ஐரோப்பிய யூதரின் நிலையோடு இதனை ஒப்பிடலாம். ஐசக் பாஷெவிஸ் சிங்கர் அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டே இட்டிஷ் மொழியில் எழுதி 1978இல் நோபல் பரிசு பெற்றார். இட்டிஷ் யூதர்க்கே உரிய மொழி. அதன் தேய்வு உலகின் கண்ணுக்குத் தெரிந்தது. அகராதிகளும் ஆவணக் காப்பகங்களும் அதற்காக எழுந்தன. பெனே இஸ்ரேல் சமூகத்தின் மராத்தியோ கோடிக்கணக்கானோர் பேசும் மொழியின் ஒரு கிளைவழக்கு. மராத்தி தழைத்து நிற்கையிலேயே அதனுள்ளிருக்கும் 'தார்பால்னிச்சா சண்' என்னும் தொடர் மறைந்துபோகக்கூடும். அழியும் மொழிகளின் பட்டியலில் இத்தகைய இழப்புக்கு இடமில்லை. மொழி வாழும்; அதனுள் ஒரு சமூகம் பேசிய முறை ஓசையின்றி நீங்கும்.

எஸ்தர் டேவிட்டின் ஆங்கிலப் புனைகதை இவ்விடத்தில்தான் தனி மதிப்புப் பெறுகிறது. அவருடைய வாக்கியங்களின் கட்டமைப்பு ஆங்கிலம். உணவு, சடங்கு, உறவு ஆகியவற்றின் பெயர்கள் பெரும்பாலும் மராத்தியும் எபிரேயமும் பாரசீகமும் கலந்தவை. எடுத்துக்காட்டாக 'மலிதா' என்னும் சொல்லைக் கொள்ளலாம். அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழங்களும் சேர்த்து எலியா தீர்க்கதரிசிக்குப் படைக்கும் இப்படையல் உலகின் பிற யூதரிடையே இல்லாதது. சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பொருள் கொங்கணத்து வயலில் விளைந்தது. பெறுபவர் எபிரேயத் தீர்க்கதரிசி. இம்மூன்றையும் ஆங்கிலச் சொல் எதுவும் தாங்காது. ஆசிரியர் அதனை மொழிபெயர்க்காமல் நிறுத்தியமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தமிழாக்கத்தின் சிக்கல்கள்

இந்நாவல்களைத் தமிழாக்க முனைபவர் முதலில் எதிர்கொள்வது பெயர்ச் சிக்கல். ரேச்சல் தமிழ் விவிலியத்தில் ராகேல். அவ்வாறே எழுதினால் நெல்லை மாவட்டத்துக் கிறித்தவப் பெண்ணொருத்தி தமிழ் வாசகரின் மனத்தில் எழுவாள். ரேச்சல் என்றே விட்டால் பெயருக்கும் விவிலியத்துக்கும் உள்ள தொடர்பு மங்கும். மராத்தி விவிலியத்தின் 'ராஹேல்' என்னும் வடிவம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கொங்கணத்து அயலார் இப்பெயரை ஒலித்த முறைக்கும் நெருக்கமானது.

நூல் தலைப்பும் எளிதன்று. எஸ்தர் பெயரில் விவிலிய நூல் உண்டு. ரேச்சல் பெயரில் இல்லை. எளிய கைம்பெண் ஒருத்திக்கு மறைநூல் வரிசையில் ஓரிடம் தருவதே தலைப்பின் உட்பொருள். 'ஆகமம்' என்றால் 'ஆதியாகமம்' நினைவுக்கு வரும். கூடவே சைவக் கோயில் ஆகமமும் வரும். 'புத்தகம்' என்றால் மறைநூல் தொனி போய்விடும்.

இரண்டாவது, சமயச் சொற்கள். தமிழில் யூத சமயத்துக்குரிய சொற்கள் பெரும்பாலும் கிறித்தவ மொழிபெயர்ப்பாளர் வழி வந்தவை. சீர்திருத்தச் சபையாரின் 'ஜெப ஆலயம்', 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'தொழுகைக்கூடம்' ஆயிற்று. தீர்க்கதரிசி இறைவாக்கினர் ஆனார். இச்சொற்களை அப்படியே எடுத்தாண்டால் கொங்கணத்து யூதர் தமிழகத்துத் தேவாலய மொழியில் பேசுவர். மஸ்ஜித் என்று சொன்ன வாயில் ஜெப ஆலயத்தைப் பொருத்துவது வரலாற்றையே மாற்றி எழுதுவதாகும்.

மூன்றாவது, அடுக்களைச் சொற்கள். ஆங்கிலம் தோற்கும் இவ்விடத்தில் தமிழ் கைகொடுக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. 'பிர்டா' என்பது முளைகட்டித் தோல்நீக்கிய மொச்சைக் கறி. இதனை ஆங்கிலத்தில் நீண்ட விளக்கமாகவே தரமுடியும்; தமிழிலோ ஊறவைத்துப் பிதுக்கிய மொச்சைக்குப் பிதுக்குப் பருப்பு என்னும் சொல் வழக்கிலுள்ளது. முளைகட்டும் வேறுபாட்டை மட்டும் குறிப்பால் உணர்த்தினால் போதும். புத்தாண்டுக்குச் செய்யும் 'சிக்சா ஹல்வா' கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் கிண்டுவது. தாராவியில் வாழும் திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு இதன் பக்குவத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நெல்லை அல்வாவில் நெய் இருக்கும். இதில் தேங்காய்ப்பால் இருக்கும். இறைச்சியையும் பாலையும் ஒரே வேளை உணவில் சேர்க்கலாகாது என்பது யூத விதி. கொங்கணத்துத் தென்னை அவ்விதிக்கு வழி காட்டியது. பால் என்று பெயர் பெற்றும் பாலாகாத பொருளைக்கொண்டு இச்சமூகம் தன் விதியையும் நாவின் சுவையையும் ஒருங்கே காத்தது. 'தேங்காய்ப்பால்' என்னும் தமிழ்ச் சொல் இந்நுட்பத்தை அடிக்குறிப்பின்றியே புலப்படுத்தும்.

இவற்றிலிருந்து ஒரு நெறி பெறப்படுகிறது. எஸ்தர் டேவிட்டை ஆங்கிலத்திலிருந்து நேராகத் தமிழாக்குவது போதாது. ஆங்கில வரியின் அடியிலுள்ள மராத்திச் சொல்லைக் கண்டறிந்து அதன் வழியே தமிழுக்கு வரவேண்டும். சடங்குப் பெயர்களை மராத்தி ஒலிப்பிலேயே நிறுத்தி, முதன்முறை வருமிடத்தில் வாக்கியத்துக்குள்ளேயே பொருளை விளங்கவைக்கலாம். உணவுப் பெயர்களுக்குத் தமிழில் உண்மையான நிகரிருப்பின் தயங்காமல் ஆளலாம். மராத்தியும் தமிழும் ஒருங்கே அறிந்தோர் நிறைந்த மும்பையும் வாஷியும் இப்பணிக்கு உகந்த களங்கள்.

முடிவுரை

எஸ்தர் டேவிட் தம் சமூகத்தின் மொழியை மீட்க நாவல் எழுதவில்லை. ஒரு சில பெண்களின் வாழ்வைச் சொல்லவே எழுதினார். அவர்கள் சமைத்ததையும் படைத்ததையும் உள்ளவாறே சொல்ல வேண்டியிருந்தமையால் அச்சொற்களும் உடன் வந்து தங்கின. களஆய்வாளர் கேட்டுப் பதிவுசெய்யும் சொற்பட்டியலில் பொருள் இருக்கும். அச்சொல்லை யார் யாரிடம் எந்த வேளையில் சொன்னார் என்பது இராது. நாவலில் அது இருக்கிறது. ஆகவே இத்தகைய புனைகதைகள் இலக்கிய ஆய்வுக்கு மட்டுமன்றிச் சமூக மொழியியலுக்கும் சான்றாதாரங்கள் எனக் கொள்ளத்தக்கவை.

இது பெனே இஸ்ரேல் சமூகத்தோடு முடியும் செய்தியன்று. செம்பூரிலும் வாஷியிலும் வளரும் மூன்றாம் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தமிழ் படிக்க அறியார். ஆயினும் குழம்பையும் கொழுக்கட்டையையும் அத்தையையும் சித்தியையும் வேறு சொல்லால் குறிக்க அவர்களால் இயலாது. அவர்களுள் ஒருவர் நாளை ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ நாவல் எழுதக்கூடும். அந்நாவலில் தமிழ் எவ்வளவு இருந்தது என்று அறிய விழையும் ஆய்வாளர், தண்டாவில் ரேச்சல் செய்ததுபோல, முதலில் அடுக்களைக்குள் செல்லவேண்டியிருக்கும்.